அக்கரம் போய்ப் போய்த் திரும்பி வந்த எட்டு வருடம்

என் மகளுக்கு நாக்கில் முதன்முதலாக வெள்ளை படிந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். 2013 டிசம்பர். பால் குடித்த தடம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்ததும் அடியில் சிவந்து ஊசிமுனை அளவுக்கு ரத்தம் கசிந்தது. பயந்துபோய்க் கூப்பிட்டேன். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "அக்கரம்தானே, எல்லாப் பிள்ளைக்கும் வரும். பல்லு மொளைச்சா போயிரும்" என்றார். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து இரண்டு நாள் தடவினார். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். மூன்றாம் நாள் குழந்தை மருத்துவரிடம் போனபோது, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் படவே கூடாது, வெங்காரம் வயிற்றுக்குள் போனால் விஷம் என்று திட்டி அனுப்பினார். வாயில் தடவ க்ளோட்ரிமசோல் என்ற, பூஞ்சையைக் கொல்லும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் சுத்தமாகப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது.

இந்த 'திரும்ப வந்தது' என்ற இரண்டு சொல்லை அடுத்த எட்டு வருடத்தில் எத்தனை மருத்துவர்களிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொருவரும் மருந்து கொடுத்தார்கள். கொடுத்த மருந்தும் பெரும்பாலும் சரியான மருந்துதான், ஒவ்வொரு முறையும் கேட்டது. அதனால்தான் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. கேட்டும் ஏன் திரும்ப வருகிறது, ஊரில் இத்தனை பிள்ளைகள் இருக்க இவளுக்கு மட்டும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களை மாதிரி இன்னொரு வீடு இதே சுற்றைச் சுற்றக்கூடாது என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் பயப்பட வேண்டாம். அக்கரம் என்பது வாயில் வரும் பூஞ்சைதான். கைக்குழந்தைகளுக்கு அது வருவது சாதாரணம். தாய்ப்பால் கொடுப்பவருக்கு மார்புக் காம்பிலும் அது தொற்றியிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எனக்குக் காம்பு எரிந்து வெடித்திருந்தது. அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தேன். கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆனால் எல்லாம் செய்தும், ஒரு வயது தாண்டியும், சமீபத்தில் ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடாமலே அக்கரம் வந்துகொண்டிருந்தால், அது வேறு கதை.

அவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி வீங்கியது. நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிவிட்டார்கள், பிள்ளை எரிச்சலில் இரவெல்லாம் அழுதாள். வீக்கம் ஒரு மாதிரி வடிந்தது, நகம் மட்டும் மஞ்சளாகித் தடித்து, விளிம்பில் மாவு மாதிரி உதிர ஆரம்பித்தது. அப்புறம் ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கையில் இரண்டு விரல். விரல் சூப்புவதால் வருகிறது என்றார் ஒருவர். வேப்பெண்ணெய் தடவி சூப்புவதை நிறுத்தினோம், நகம் அப்படியே இருந்தது. வீக்கத்துக்கு என்று ஆன்டிபயாடிக் கொடுத்தபோதெல்லாம் வாயில் வெள்ளை இன்னும் அப்பியது. வாயில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பூஞ்சையை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கின்றன, ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நகத்தில் கோளாறு என்றால் மருந்து தொடங்கும் முன்பே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து போட்ட பிறகு சுரண்டினால் பூஞ்சை வளராமல் 'ஒன்றும் இல்லை' என்று முடிவு வரலாம். எங்களுக்கு இரண்டு முறை அப்படித்தான் வந்தது.

மூன்று வயதில் ஒரு மருத்துவர் எச்.ஐ.வி. பரிசோதனை எழுதினார். வாயில் விடாமல் பூஞ்சை இருந்தால் அதைப் பார்ப்பதுதான் முறை, அவர் செய்தது சரி. ஆனால் எதற்காக எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு லேபுக்குப் போய், அங்கே இருந்த பையன் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தபோதுதான் என்ன சோதனை என்றே புரிந்தது. அன்று மாலைவரை நானும் என் கணவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. முடிவு 'இல்லை' என்று வந்தது. அடுத்தடுத்த ஊர்களில் இன்னும் இரண்டு முறை அதே சோதனை, பழைய ரிப்போர்ட்டை நாங்கள் கையில் வைத்திருக்காததால். மூன்று முறையும் அந்தச் சில மணி நேரம் எப்படி நகர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இந்தச் சோதனையையும் சர்க்கரைச் சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். முதல் வருடமே எடுத்து, ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்குள் பேச்சு வேறு மாதிரி போனது. "பாத்திரம் சரியாக் கழுவறதில்ல", "தாய்ப்பால்ல சூடு", "இவ அம்மா வழியில யாருக்கோ இருந்திருக்கும்." என் அம்மாவுக்குச் சேற்றுப்புண் வரும். அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பாட்டிலையும் கரண்டியையும் தினம் இரண்டு முறை கொதிக்கவைத்தேன். துணியை டெட்டாலில் ஊறப்போட்டு என் கையே வெடித்துவிட்டது. இரவில் அவள் தூங்கிய பிறகு செல்போன் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்ப்பேன். வெள்ளை இருந்தால், அன்றைக்கு நான் என்ன தப்புச் செய்தேன் என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக யோசிப்பேன். அந்த வருடங்களில் என் பிள்ளையைக் கொஞ்சியதைவிட அவள் வாயைச் சோதித்ததுதான் அதிகம். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, ஒட்டுவாரொட்டி என்று பயந்து ஒரு ஆசிரியை அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார். நானும் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியைதான். இருந்தும் எதிர்த்துப் பேச என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எனக்கே அப்போது தெரியாது. இப்போது தெரியும். அவள் வாயில் இருந்தது கேண்டிடா என்ற பூஞ்சை. அது ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பது. பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் அந்த நோய் வந்துவிடாது. மருத்துவரிடம் இதை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். எட்டே வரி போதும். எங்களுக்கு அது கிடைத்தது மூன்றாம் வகுப்பில். அதற்குள் அவள் கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

2019-இல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நகத்தைப் பிடுங்கிவிட்டால் புது நகம் நன்றாக முளைக்கும் என்றார்கள். மூன்று நகம், 14,000 ரூபாய். மரத்துப்போகும் ஊசியை விரலில் போட்டபோது அவள் போட்ட சத்தம் கட்டிடமே கேட்டிருக்கும். ஐந்து மாதத்தில் புது நகம் முளைத்தது, பழையபடியே மஞ்சளாக. உள்ளே காரணம் அப்படியே இருக்கும்போது நகத்தைப் பிடுங்கி என்ன பயன்? இதற்கு நடுவே 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' பவுடர் ஒன்றை மாதம் 2,200 ரூபாய்க்கு ஒன்பது மாதம் வாங்கிக் கொடுத்தேன். 19,800 ரூபாய். அவளுடைய பிரச்சினையே எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதி அளவுக்கு மேல் வேலை செய்வதுதான் என்று பின்னால் தெரிந்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

எங்களுக்குத் திருப்பம் வந்தது 2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை, கூடவே கருப்புப் பூஞ்சை. தமிழ்நாட்டில் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக அந்த மாதம்தான் சேர்த்தார்கள். தொலைக்காட்சியைத் திறந்தால் கண்ணை எடுத்த நோயாளிகள், மருந்துத் தட்டுப்பாடு. தெருவில் ஒரு அம்மா, "உங்க பிள்ளைக்குப் பூஞ்சைதானே, ஆஸ்பத்திரியில சொல்லிட்டீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். அன்று இரவு நான் பயந்து நடுங்கி, உறவினர் மூலம் கிடைத்த எண்ணில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் மேற்படிப்பு படிக்கும் இளம் மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். கருப்புப் பூஞ்சை வேறு இனம். நம்மைச் சுற்றிக் காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருப்பது. கட்டுப்படாத சர்க்கரையும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் பெரும்பாலும் அது கோரத்தாண்டவம் ஆடுகிறது. ரத்தத்தில் அமிலம் கூடும்போது இரும்புச் சத்து கட்டவிழ்ந்து அந்தப் பூஞ்சைக்குத் தீனியாகிறது. "பூஞ்சை எல்லார் பக்கத்துலயும் இருக்குக்கா. யாருக்கு நோயா மாறுதுங்கிறதுதான் கேள்வி" என்றார். சொல்லிவிட்டு, "சரி, பாப்பாவுக்கு முதல் தடவை எப்ப வந்துச்சு? நகம் எப்ப? நடுவுல ஒரு மாசமாவது வெள்ளையே இல்லாம இருந்திருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். எட்டு வருடத்தில் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாள், மாதம், எந்த மருந்து எத்தனை நாள் கேட்டது, ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அடுத்த ஒரு வாரம் பீரோ, மஞ்சப்பை, பழைய ஹேண்ட்பேக் எல்லாம் கவிழ்த்து 41 மருந்துச் சீட்டுகளைக் கண்டெடுத்தேன். மெடிக்கல் பில்லை வைத்துத் தேதி கண்டுபிடித்தேன். பிறந்தநாள் போட்டோக்களில் அவள் விரலைப் பெரிதாக்கிப் பார்த்து எந்த வருடம் எந்த நகம் கெட்டது என்று குறித்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாம் வந்தபோது, எங்களுக்கே முகத்தில் அறைந்தது: எட்டு வருடத்தில் அவள் வாய் சுத்தமாக இருந்த இடைவெளி ஆறு வாரத்தைத் தாண்டவே இல்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் அந்த மருத்துவர் சென்னையில் குழந்தைகளின் எதிர்ப்பு சக்திக் கோளாறுகளைப் பார்க்கும் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். அதனால் இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் ஒரு நோட்டு போடுங்கள். வெள்ளை வந்த நாள், போன நாள், மருந்தின் பெயர், ஒரு போட்டோ. இதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

சென்னையில் முதல் கட்டப் பரிசோதனைகள் எல்லாம் சாதாரணமாக வந்தன. வெள்ளணுக்கள் சரி, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு சரி. முன்பு ஒரு மருத்துவர் இதே மாதிரி ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் "எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கு" என்று அனுப்பியிருந்தார். நிபுணரோ, "இந்த நோயில் இதெல்லாம் பலருக்குச் சரியாகத்தான் இருக்கும்" என்றார். எதிர்ப்பு சக்தி என்பது ஒரே சரக்கு இல்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ரத்தத்துக்குள் நுழையும் பூஞ்சையைப் பிடிக்க ஒரு படை, வாய், தோல், நகம் என்று வெளி எல்லையைக் காக்க இன்னொரு படை. எல்லைக் காவலில் டி.ஹெச்.17 என்ற வெள்ளணுக்களும் அவை விடும் ஐ.எல்.17 என்ற தூதுப் பொருளும் முக்கியம். அந்தத் தூது வந்தால்தான் வாயின் மேல்தோல் பூஞ்சையைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கும், சண்டைக்கு வெள்ளணுக்களைக் கூப்பிடும். சொரியாசிஸ் நோய்க்கு ஐ.எல்.17-ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்ளும் சிலருக்கு வாயில் அக்கரம் வருகிறதாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. என் மகளுக்கு அந்த ஊசியைப் போட்டது போன்ற நிலை பிறவியிலேயே இருக்கிறது.

அவர் கால்சியம், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, பல் எனாமல் எல்லாம் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். ஐர் என்ற மரபணு கெட்டால் வாயில் பூஞ்சையோடு கால்சியம் குறைவும் அட்ரீனல் கோளாறும் சேர்ந்து வரும். அந்த மரபணுவை 1997-இல் கண்டுபிடித்தார்கள், பின்லாந்தில் சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறது. எங்களுக்கு அது இல்லை. 2021 நவம்பரில் எக்ஸோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். புரதங்களை உருவாக்கும் மரபணுப் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாசிக்கும் சோதனை. 27,000 ரூபாய். என் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. ரிப்போர்ட் வர ஏழு வாரம் ஆனது.

ஸ்டாட் 1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. பொதுவாக மரபணுக் கோளாறு என்றால் ஏதோ ஒன்று வேலை செய்யாது என்றுதான் நினைப்போம். இதில் நேர்மாறு. இன்டர்ஃபெரான் என்ற கட்டளையைக் கேட்டு வேலை செய்யும் அந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதன் ஆர்ப்பாட்டத்தில் டி.ஹெச்.17 அணுக்கள் வளராமல் குன்றிப்போகின்றன. 2011-இல் பாரிஸில் ஒரு குழுவும் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இன்னொரு குழுவும் இதைக் கண்டுபிடித்தன. அதே வருடம் பாரிஸ் குழு ஐ.எல்.17-இன் மரபணுக்களிலேயே கோளாறுள்ள குடும்பங்களையும் கண்டது. அதற்கு முன்னால் பிறந்திருந்தால் என் மகளுக்கு 'காரணம் தெரியாத நாள்பட்ட பூஞ்சை' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அவள் பிறந்தது 2013. இரண்டு வருடம் முன்பே பதில் உலகத்தில் இருந்திருக்கிறது, எங்கள் கைக்கு வர மட்டும் எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

அப்புறம்தான் எங்களுக்கு அடுத்த அடி. இந்த மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், அல்லது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியிருக்கலாம். பெற்றோரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் இருவரையும் சோதிக்க 9,000 ரூபாய். மாற்றம் என் கணவரிடம் இருந்தது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வாயோரம் வெடிக்கும், கால் பெருவிரல் நகம் இரண்டும் கெட்டிருக்கும், முப்பது வயதிலிருந்து தைராய்டு மாத்திரை. தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறார். மருந்து நெடியில் நகம் அப்படி ஆகிவிட்டது என்று அவரும் நாங்களும் நம்பியிருந்தோம். ஒரே மாற்றம் ஒரே குடும்பத்தில் ஒருவரைக் கடுமையாகவும் இன்னொருவரை லேசாகவும் தாக்கும் என்று நிபுணர் சொன்னார். திரும்பி வரும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு அவர் சத்தமில்லாமல் அழுதார். எட்டு வருடம் எல்லோரும் என்னைச் சொன்னபோது அவர் வாய் திறக்கவில்லையே என்ற கோபம் எனக்குள் நிறைய இருந்தது. அன்று அதை எடுத்துப் பேச மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் பேசினேன். பேசியது நல்லது.

காரணம் தெரிந்து என்ன லாபம், மருந்து அதே ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரைதானே என்று என் அண்ணன் கேட்டார். லாபம் இருக்கிறது. முன்பு வந்தால் தடவுவோம், போனால் நிறுத்துவோம். இப்போது எடைக்கேற்ற அளவில் தினமும் கொடுக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனை செய்கிறோம். விட்டு விட்டும் அரைகுறை அளவிலும் வருடக்கணக்கில் கொடுத்தால் பூஞ்சை மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் வெள்ளை திரும்பினால் மாத்திரையை நாங்களாகக் கூட்டுவதில்லை, துடைத்தெடுத்துக் கல்ச்சர் போட்டு எந்த மருந்து கேட்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம். இன்னொன்று, ஃப்ளுகோனசோல் சாப்பிடும்போது வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவை சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், மெடிக்கலில் சாதாரண மாத்திரை வாங்கினாலும், முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி எதையும் நிபுணரைக் கேட்காமல் போடுவதில்லை.

காரணம் தெரிந்ததால்தான் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. 2016-இல் 40 நாடுகளைச் சேர்ந்த இப்படிப்பட்ட 274 பேரை ஆராய்ந்து ஒரு பெரிய தொகுப்பு வெளியானது. அவர்களில் 98 சதவீதம் பேருக்குத் தோல், நகம், வாயில் நாள்பட்ட பூஞ்சை. பாதிப்பேருக்கு அது ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கியிருக்கிறது. 37 சதவீதம் பேருக்கு உடம்பே தன்னைத் தாக்கும் நோய்கள், அதில் தைராய்டு குறைவு 22 சதவீதம். என் கணவரின் மாத்திரைக்கு அங்கே விளக்கம் கிடைத்தது. வாய், உணவுக்குழாய் போன்ற இடங்களில் புற்றுநோய் 6 சதவீதம், மூளை ரத்தக்குழாய் புடைப்பு 6 சதவீதம். இந்த இரண்டையும் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் தெரிந்ததால்தான் வருடம் ஒருமுறை தைராய்டு, மூளை ரத்தக்குழாய்க்கு ஒரு ஸ்கேன், முழுங்கச் சிரமம் என்றால் உடனே எண்டோஸ்கோபி என்று திட்டம் போட முடிந்தது. இருபது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொண்டிருந்த என் கணவர், நிபுணர் அறையிலிருந்து வெளியே வந்ததும் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதன்பின் தொடவில்லை.

ஸ்டாட் 1-இன் வேகத்தைக் குறைக்கும் ருக்ஸோலிடினிப் போன்ற மாத்திரைகளைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பூஞ்சை குறைந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதற்கும் பக்கவிளைவு உண்டு. அவளுக்கு இப்போது தேவையில்லை, ஃப்ளுகோனசோல் கேட்காமல் போனால் யோசிக்கலாம் என்கிறார் நிபுணர். எலும்பு மஜ்ஜை மாற்றினால் ஒரேயடியாகத் தீருமே என்று உறவினர் ஒருவர் எங்கோ கேட்டுவந்து வற்புறுத்தினார். இதே கோளாறுக்கு அப்படிச் செய்த 15 பேரைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வில் பிழைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. அவளைவிட மோசமான நிலையில் இருந்தவர்களுக்குச் செய்தது அது என்பதும் உண்மை. ஆனாலும் 'ஒரேயடியாகத் தீரும்' என்று யாராவது சொன்னால், எத்தனை பேருக்குச் செய்தார்கள், எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

மரபணுச் சோதனை செய்ய நினைப்பவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சில விஷயம். ரத்தம் கொடுக்கும் முன்பே, மாற்றம் எதுவும் தென்பட்டால் பெற்றோரைச் சோதிக்கத் தனிக் காசா என்று கேளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வரலாம். அது நோய் உறுதி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அப்படி வந்தால் ஓரிரு வருடம் கழித்து அதே தரவைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம், புதிய ஆய்வுகள் வந்திருக்கும். அதனால் மூலத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ரிப்போர்ட்டை நீங்களே தேடிப் படித்து முடிவுக்கு வராதீர்கள், மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில், பட்டியலில் உள்ள நோய்களுக்குக் குறிப்பிட்ட மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. உங்கள் பிள்ளையின் நோய் அதில் வருமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் எக்ஸோம் சோதனைக்கு ஓட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். பூஞ்சை விடாமல் வரும் பெரும்பாலோருக்குக் காரணம் இவ்வளவு அரிதானது இல்லை. கட்டுப்படாத சர்க்கரை, ஆஸ்துமா இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதது, இரவில் கழற்றாத பல்செட், கடையில் தானாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, மருந்தைப் பாதியில் நிறுத்துவது, வீட்டில் இன்னொருவருக்கும் படர்தாமரை இருந்து அவர் மருந்து போடாதது. இவற்றை முதலில் பாருங்கள். இதில் எதுவுமே இல்லாமல், சின்ன வயதில் தொடங்கி, வாயும் நகமும் சேர்ந்து, வருடக்கணக்கில் போகிறதென்றால், அல்லது வீட்டில் இன்னொருவருக்கும் அப்படி இருந்தால், எதிர்ப்பு சக்தி நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். 2013 முதல் 2022 வரை கையில் இருக்கும் பில்களின்படி 3,38,000 ரூபாய். அதில் பதில் கிடைத்த சோதனைகளுக்கு ஆனது சென்னைப் பயணத்தோடு சேர்த்து 61,000. மீதி எல்லாம் காரணம் தெரியாமல் சுற்றிய செலவு. சங்கிலியைப் போன வருடம்தான் மீட்டேன். இப்போது மாத்திரைக்கு மாதம் சில நூறு ரூபாய் ஆகிறது. மகளுக்குப் பதினொரு வயது. வாய் பத்து மாதமாகச் சுத்தமாக இருக்கிறது. ஆறு நகம் முழுசாகத் தெளிந்துவிட்டது, நான்கு இன்னும் தேறவில்லை.

என் கணவரின் தங்கைக்கு மூன்று வயதில் ஒரு பையன். போன தீபாவளிக்கு வந்தபோது அவன் நாக்கில் வெள்ளையைப் பார்த்தேன். பல் முளைத்து முடித்த பிள்ளை. சோதனை செய்துவிடலாம் என்று சொன்னதற்கு, "வேண்டாம் மதினி, பெரியவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும், குடும்பத்துல நோய்னு பேர் வந்திரும்" என்றாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது, நான் வாங்கிய பேச்சுகளை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். வற்புறுத்தவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, வெள்ளை வரும்போது தேதி எழுதி நாக்கைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அது போதும் என்றேன். இதுவரை நான்கு போட்டோ வந்திருக்கிறது. கடைசி இரண்டுக்கும் நடுவே பதினேழு நாள்.